இன்டர்நேஷனல் பியானோ போட்டிக்கு இங்கே குமரியிலேயிருந்து பிள்ளையை அனுப்பணும்னா: ஃபீஸ், வீடியோ ரவுண்டு, ஈரக்காத்து

ஜூன் 4, இரவு 9.40 | களியக்காவிளை அப்பா

மகளுக்கு 13 வயசு. திருவனந்தபுரம் சென்டரில் லண்டன் டிரினிட்டி காலேஜின் பியானோ பரீட்சை, கிரேடு 7 டிஸ்டிங்ஷன். யூடியூபில் அவள் வாசிச்ச வீடியோவைப் பார்த்துட்டு ஒரு மெயில் வந்திருக்கு. ‘சர்வதேச இளம் பியானோ கலைஞர் போட்டி இறுதிச்சுற்றுக்குத் தேர்வு’ என்று போட்டிருக்கு. 120 யூரோ கட்டினா சர்டிபிகேட், இன்னும் கொஞ்சம் கட்டினா ஐரோப்பாவில் மேடை. கடைசி நாள் ஜூன் 10. கிரேடு 8 முடிச்சா எந்தப் போட்டிக்கும் போகலாம், வீட்டில் இருக்கிற டிஜிட்டல் பியானோவே போதும் என்பது என் கணக்கு. கட்டலாமா?

ஜூன் 4, இரவு 11.15 | மார்த்தாண்டம் கீஸ்

கட்டாதீங்க. மற்ற ரெண்டு கணக்கும் தப்பு. நாளைக்கு விவரமா எழுதுகேன்.

ஜூன் 5, காலை 6.30 | மார்த்தாண்டம் கீஸ்

முதலில் அந்த மெயில். விண்ணப்பம் போடாத பிள்ளையை எந்த நல்ல போட்டியும் ஃபைனலுக்கு எடுக்காது. நல்ல போட்டி என்றால் விதிமுறை முழுசும் வெளியே இருக்கும்: எந்தத் தேதியில் எத்தனை வயசு, எந்த ரவுண்டில் எத்தனை நிமிஷம், என்ன வாசிக்கணும், நடுவர்கள் யார் யார், முதல் பரிசு எவ்வளவு பணம், பணம் எப்போ கைக்கு வரும். போன வருஷங்களில் ஜெயிச்சவங்க பெயரைத் தேடினா, அவங்க இன்றைக்கு எங்கே வாசிக்கிறாங்க என்று தெரியும். காசுக்காக நடத்துகிற போட்டியில் ஒரே பிரிவில் பன்னிரண்டு ‘முதல் பரிசு’ இருக்கும், அதுக்கும் மேலே ‘அப்சொலூட் முதல் பரிசு’ என்று ஒன்று இருக்கும். கேடயம் வேணுமா, அதுக்குத் தனி ஃபீஸ். மேடை வேணுமா, அதுக்குத் தனி.

சரிபார்க்க ரெண்டு பட்டியல் இருக்கு. ஒன்று, ஜெனீவாவில் 1957-ல் தொடங்கின சர்வதேச இசைப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்பு. ரெண்டாவது அலிங்க்-ஆர்கெரிச் அறக்கட்டளை. உலகம் முழுக்க நடக்கிற பியானோ போட்டிகளைத் தொகுத்து வைக்கிறதே அவங்க வேலை. பட்டியலில் இல்லாதது எல்லாம் மோசடி என்று அர்த்தம் இல்லை. ஆனா பட்டியலிலும் இல்லை, நடுவர் பெயரும் இல்லை, பழைய ஜெயிச்சவங்களும் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

13 வயசுக்குப் பொருந்துகிற பெரிய பெயர்கள் சில. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூகே பக்கத்தில் எட்லிங்கன். 1988-ல் தொடங்கினது, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை. ஏ பிரிவு 15 வயசு வரை, பி பிரிவு 20 வரை. சீனாவின் புகழ்பெற்ற பியானோ கலைஞர் லாங் லாங் 1994-ல் அங்கே ஜெயிச்சவர். அமெரிக்காவில் வான் கிளைபர்ன் ஜூனியர், 13 முதல் 17 வரை, 2015-ல் தொடங்கினது. முதல் வருஷம் ஜெயிச்ச அலிம் பெய்செம்பாயேவ் 2021-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியையும் அடிச்சார். சால்ட் லேக் சிட்டியில் ஜீனா பகாவர், அதில் 11–13 ஒரு பிரிவு, 14–18 ஒரு பிரிவு. போலந்தின் வார்சா ஷோப்பன் போட்டிக்கு 16 வயசு ஆகணும், பெரிய வான் கிளைபர்னுக்கு 18. அதை எல்லாம் இப்போ மறந்துடுங்க.

வயசு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘13 வயசு’ என்றால் விண்ணப்பிக்கிற நாளில் இல்லை. போட்டி தொடங்குகிற நாள், அல்லது விதியில் குறிச்சிருக்கிற ஒரு நாள். பிறந்தநாளையும் அந்தத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாத்துக்கிடுங்க.

ஜூன் 5, காலை 8.05 | ஆல்டோ லைன்

கிரேடு 8 முடிச்சவங்க எங்க சபையிலேயே அஞ்சு பேரு உண்டு. பாமாலைக்கு, சத்தத்தை நீட்டுகிற சஸ்டெயின் பெடலை மிதிச்சா ஆமென் வந்த பிறகாக்கும் காலை எடுப்பாங்க.

ஜூன் 5, மதியம் 1.20 | மார்த்தாண்டம் கீஸ்

சிரிச்சாலும் விஷயம் அதுதான். கிரேடு பரீட்சை வேறே, போட்டி வேறே. கிரேடு 8-ல் மூணு உருப்படி, கொஞ்சம் டெக்னிக்கல், நோட்டைப் பார்த்த உடனே வாசிக்கிற சைட் ரீடிங். நோட்டை முன்னால் வச்சு வாசிக்கலாம், அரை மணி நேரத்தில் வெளியே வந்துடலாம். போட்டியில் முதல் ரவுண்டே 15, 20 நிமிஷம், மனப்பாடமா. அடுத்த ரவுண்டுக்கு வேறே உருப்படிகள். ஃபைனலில் பல இடங்களில் ஆர்கெஸ்ட்ராவோடு கன்செர்ட்டோ. ஒரு பிள்ளை ஒரே சமயத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இசையை விரலில் வச்சிருக்கணும். அளவு தெரியணும்னா டிரினிட்டியின் ஏ.டி.சி.எல். டிப்ளமோவை எடுத்துக்கிடுங்க. அதுக்கே 32 முதல் 38 நிமிஷம் புரோகிராம். கிரேடு 8 டிஸ்டிங்ஷன் என்று விண்ணப்பத்தில் எழுதினா யாரும் தள்ளமாட்டாங்க, யாரும் அதைப் பார்த்து எடுக்கவும் மாட்டாங்க.

எடுக்கிறது வீடியோவைப் பார்த்து. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் விழுகிற இடமும் அதுதான். விரல் இல்லாமல் விழுகிறது கம்மி. கருவி, அறை, உருப்படித் தேர்வு, இந்த மூணில்தான் போகுது.

ஜூன் 5, இரவு 10.10 | களியக்காவிளை அப்பா

நன்றி. மெயிலை டெலீட் பண்ணிட்டேன். டிஜிட்டல் ஏன் போதாது? 88 கட்டை, வெயிட்டட் கீ, கிராண்ட் சவுண்டுதான் வருது.

ஜூன் 6, காலை 7.00 | பார்வதிபுரம் ட்யூனர்

சவுண்டு கிராண்டுலே இருந்து எடுத்ததாக்கும், கை போற வழி கிராண்டு இல்ல. கிராண்டு பியானோவுலே, அதாவது கம்பி படுக்கையா இருக்குற பெரிய பியானோவுலே, கட்டையைப் பாதி தூக்கினாலே சுத்தியல் மறுபடி அடிக்கத் தயார். 1821-லே எரார் பியானோ கம்பெனி பேடண்ட் எடுத்த டபுள் எஸ்கேப்மெண்ட் அதுதான். கம்பி நிமிர்ந்து நிக்குற அப்ரைட்டுலே கட்டை கிட்டத்தட்ட முழுசா மேலே வரணும். ஸ்கார்லாட்டியோட சொனாட்டா கே.141 எடுத்து வாசிக்கச் சொல்லுங்க, அதுலே ஒரே ஸ்வரம் விடாம ஆறு ஆறா அடிக்கணும். கிராண்டுலே ஓடும். அப்ரைட்டுலே நல்லா ரெகுலேட் பண்ணி இருந்தா ஒருமாதிரி ஓடும். விலை குறைஞ்ச டிஜிட்டல்லே சென்சார் பாதி ஸ்வரத்தை முழுங்கும், பிள்ளை தன் விரலைக் குறை சொல்லும்.

பெடலும் அப்படித்தான். சதுரமா ஒரு சுவிட்சு பெடல் டிஜிட்டல் கூடவே தருவான், அதுலே ஆன், ஆஃப் மட்டும். நெசப் பியானோவுலே, சத்தத்தை நிறுத்துற ஃபெல்ட்டான டேம்பர் கம்பியைத் தொடுற அந்த ரெண்டு மூணு மில்லிமீட்டருக்குள்ளயாக்கும் பெடல் வேலை முழுக்க. அதைக் காலு படிக்காம விட்டா கிராண்டுலே போய் உக்காந்த உடனே எல்லாம் கலங்கிப் போவும்.

ஜூன் 6, காலை 9.30 | மார்த்தாண்டம் கீஸ்

கூடவே சொல்ல வேண்டியது: டிஜிட்டலில் எடுத்த வீடியோவைப் பல போட்டிகள் ஏற்கிறதே இல்லை. கம்பியும் சுத்தியலும் உள்ள அகௌஸ்டிக் வேணும், முடிஞ்சா கிராண்ட். ராத்திரி ஹெட்போனில் பழகட்டும், அதுக்கு டிஜிட்டல் வேணும்தான். யமஹா அவன்ட்கிராண்ட், கவாய் நோவஸ் மாதிரி உண்மையான ஆக்‌ஷன், அதாவது கட்டை-சுத்தியல் பொறி, வச்ச ஹைப்ரிட் இருக்கு, ஆனா அந்தக் காசில் நல்ல பழைய அப்ரைட் வந்துடும். வாங்குகிறதா இருந்தா 121 செ.மீ. உயரத்துக்குக் குறையாதது. உயரம் குறைஞ்ச ஸ்பினெட் மாதிரியானது வேண்டாம், அதில் பேஸ் கம்பி குட்டை, இடது கை எப்படி வாசிச்சாலும் தகர டப்பா.

ஜூன் 6, மாலை 5.45 | பார்வதிபுரம் ட்யூனர்

பழைய ஜப்பான் பியானோ வாங்கப் போறவங்க ட்யூனரைக் கூட்டிட்டுப் போங்க. ட்யூனிங் பின்னுலே லீவர் வச்சா இறுக்கம் தெரியணும், வெண்ணெய் மாதிரி திரும்புச்சுன்னா பின்னைப் பிடிச்சிருக்குற மரம், அந்தப் பின்பிளாக், போச்சு. சுத்தியல் ஃபெல்ட்டுலே கம்பித் தடம் ஆழமா இருந்தா சவுண்டு தகரம். கீழ்ப்பலகையைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்பியிலே செம்மண் நிறத்துலே துரு, மூலையிலே எலிப்புழுக்கை, ஃபெல்ட்டுலே பூச்சி அரிச்ச ஓட்டை. இதுலே எது இருந்தாலும் விலையைக் குறைக்காதீங்க, வேண்டாம்னு வந்துருங்க.

நம்ம ஊரு ஈரக்காத்துதான் பெரிய வில்லன். பியானோவுக்கு 45 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் போதும். இங்க மழைக்காலம் 80-க்கு மேலே நிக்கும். சவுண்ட்போர்டு ஊதும், நடு ஆக்டேவ் ஸ்ருதி ஏறும், பேஸ் அவ்வளவு ஏறாது, அப்போ ஆக்டேவே ஒண்ணுக்கொண்ணு சேராது. கட்டைப் புஷிங் துணி வீங்கி, அமுக்கின கட்டை கீழேயே நிக்கும். சுத்தியல் ஆடுற கீலு, அந்த ஃப்ளேஞ்சிலே பின்னைச் சுத்தி இருக்குற துணி வீங்குனா சுத்தியல் மெதுவாத் திரும்பும், வேகமான இடமெல்லாம் படுத்துரும். உடனே சைக்கிள் ஆயிலு, துரு ஸ்ப்ரேன்னு அடிச்சு வைப்பாங்க. தயவுசெஞ்சு அடிக்காதீங்க. எண்ணெய் துணியிலே ஏறினா ஃப்ளேஞ்ச் ஃப்ளேஞ்சா மாத்தணும். பின்னைக் கழட்டி, துணியை ரீமர் போட்டு அளவா விரிச்சு, சரியான பின் போடுகதுதான் வேலை.

என்ன செய்யலாம்:

500 ரூபா ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி பியானோ மேலே வையுங்க. வெளிச்சுவரிலே, அதுவும் தென்மேற்கு பாத்த சுவரிலே, பியானோவைச் சாத்தாதீங்க. உள்சுவர், அஞ்சு விரக்கடை இடைவெளி. கட்டைப் பலகைக்கு அடியிலே குறைஞ்ச வாட்டேஜ் ஹீட்டர் ராடு, ஹியூமிடிஸ்டாட்டோட. 60-க்கு மேலே போனா ஆன், 50-க்கு வந்தா ஆஃப். பல்பு கட்டித் தொங்கவிடுகது பழைய கதை. ஒரே இடம் சூடாகி மரம் வெடிக்கும், தீயும் பிடிக்கும். பாச்சை உருண்டையைத் துணிப்பையிலே கட்டி அடிப்பலகை மூலையிலே வைக்கலாம், பாலிஷிலேயும் கம்பியிலேயும் படப்படாது.

ஏசி? நாள் முழுக்க ஓட்டினா ஓட்டுங்க. ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும் ஓட்டினா ஓட்டாம இருக்குறதே மேல்.

ஜூன் 6, இரவு 8.50 | ஆல்டோ லைன்

ஸ்ருதி ஏறினா நல்லதுதானே அண்ணாச்சி, எங்க கொயர் எப்பவும் இறங்கிட்டே போவும். ரெண்டும் நடுவிலே சந்திக்கும்.

ஜூன் 7, காலை 6.10 | பார்வதிபுரம் ட்யூனர்

உம்ம டெனரைச் சொல்லும், அவரு யாரையும் சந்திக்க மாட்டாரு.

ட்யூனிங் கணக்கு: ஸ்ருதி இருபது சென்ட் (அரை ஸ்வரத்துலே நூறுலே ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கிக் கிடந்தா ஒரே தடவையிலே நிக்காது. 230 கம்பிக்குக் கிட்டே, எல்லாம் சேர்ந்து பதினெட்டு, இருபது டன் இழுவை. மேலே ஏத்துனா கீழே ஏத்துனது இறங்கும். முதல்லே எல்லாத்தையும் தோராயமா ஏத்துற பிட்ச் ரெய்ஸ், ஒரு வாரம் கழிச்சு ஃபைன் ட்யூனிங், ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் ஒரே ஸ்வரத்துக்கு உள்ள கம்பிங்க சேருதான்னு (யூனிசன்) மட்டும் தட்டிச் சரிபார்க்கணும். ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். கட்டை, சுத்தியல் அளவைச் சரிபண்ணுற ரெகுலேஷனும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்க. அப்ரைட்டுக்கு சுத்தியல் தூரம் 46 மி.மீ. அளவு, லெட்-ஆஃப் (சுத்தியல் கம்பிக்கு எவ்வளவு கிட்டே போய் விடுபடுதுங்கிற அளவு) 2, 3 மி.மீ., கட்டை ஆழம் 10 மி.மீ. லெட்-ஆஃப் அஞ்சு, ஆறுக்குப் போயிருந்தா பியானிஸ்ஸிமோ வாசிக்கவே முடியாது. நடுவருக்கு ‘பிள்ளைக்கு மெல்ல வாசிக்கத் தெரியல்ல’ன்னு தோணும்.

ஜூன் 7, மதியம் 12.30 | பாறசாலை ரெக்கார்டிங்

வீடியோ பகுதி என்னுடையது. விதியில் பொதுவாக இருப்பவை: ஒவ்வொரு உருப்படியும் வெட்டாமல் ஒரே ஓட்டம், கையும் முகமும் கட்டையும் எப்போதும் படத்தில், நகராத ஒரு கேமரா, ஒலியில் எடிட் கூடாது, இத்தனை மாதத்துக்குள் எடுத்தது. சொனாட்டாவின் ரெண்டு பகுதிகளுக்கு நடுவில் நிறுத்தலாமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். தனி மைக்கில் எடுத்த ஒலியைப் படத்தோடு சேர்க்கலாமா என்பதும் அப்படியே. படித்துவிட்டு ஆரம்பிக்கவும்.

கேமரா: வாசிப்பவரின் வலது பக்கம், கட்டை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஸ்டாண்டில். போன் கேமரா போதும், போன் மைக் போதாது. போன் தானாகவே மெல்லிய சத்தத்தைத் தூக்கும், உச்ச சத்தமான ஃபோர்ட்டிஸ்ஸிமோவை அமுக்கும். படிப்படியாகச் சத்தம் ஏற ஒரு மாதம் பழகின கிரெஷெண்டோ நடுவர் காதில் ஒரே மட்டமாகப் போய்ச் சேரும். கையடக்க ரெக்கார்டர் ஒன்று இரவல் வாங்கவும். வேவ் ஃபைல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஆட்டோ லெவல் ஆஃப். உருப்படியிலேயே சத்தமான நாலு வரியை முதலில் வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 6 டெசிபலில் நிற்கும்படி வைத்துவிட்டு அதன் பிறகு தொடக்கூடாது.

மைக் இடம்: கிராண்ட் என்றால் மூடி முழுக்கத் திறந்து, வளைவுக்கு எதிரே இரண்டு மீட்டர், மூடியின் விளிம்பு உயரம். அப்ரைட் என்றால் மேல் மூடி திறந்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மைக்கைப் பின்பக்கம் சவுண்ட்போர்டைப் பார்த்து ஒரு மீட்டரில் வைத்துப் பார்க்கவும். சத்தம் மங்கலாக இருந்தால் வாசிப்பவரின் தலைக்கு மேலே. இரண்டையும் எடுத்துக் கேட்டு முடிவு செய்யவும்.

பத்துக்குப் பன்னிரண்டு கான்கிரீட் அறை, டைல் தரை: கை தட்டினால் டர்ர் என்று எதிரொலிக்கும். எதிர்ச் சுவரில் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்து, தரையில் ஜமுக்காளம் விரித்தால் பாதி போகும். சீலிங் ஃபேன் கட்டாயம் ஆஃப். ஃபேன் இரைச்சல் ஒரு பக்கம், அதைவிட மோசம் இறக்கை சுற்றும்போது நீண்ட ஸ்வரம் நடுங்கிக் கேட்பது. ட்யூப்லைட் சோக், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் ஆஃப். வளையல், கொலுசு கழற்றி வைக்கவும், பெடல் மிதிக்கும்போது கொலுசு மணி சுத்தமாகப் பதிவாகும். பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார வேண்டாம். அது கிறீச்சிடும், உயரமும் நழுவும். முழங்கை கட்டை மட்டத்துக்கு வருகிற உயரத்தில் ஆடாத பெஞ்ச்.

ஜூன் 7, மாலை 4.00 | மார்த்தாண்டம் கீஸ்

இதோடு ஒண்ணு. ஜூன், ஜூலையில் ரெக்கார்டிங் வைக்காதீங்க. மழை, தகரக் கூரை, தவளை, எல்லாம் பல குரல் பின்னிப் போகிற பாகின் ஃபியூகில் அஞ்சாவது குரலா வரும்.

ஜூன் 7, மாலை 6.20 | பாறசாலை ரெக்கார்டிங்

ஜூன், ஜூலை மட்டும் என்றால் தப்பித்துவிடலாம். குமரியில் ரெண்டு மழையும் உண்டு. அக்டோபர், நவம்பரும் போச்சு. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா, டிசம்பரில் எல்லாச் சபையிலும் கரோல் குழாய், மாசியில் மண்டைக்காடு. கையில் இருப்பது ஜனவரி மட்டும், அதுவும் ராத்திரி பத்தரைக்கு மேலே, தேசிய நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளின வீட்டில். சபை மண்டபத்தில் எடுக்கலாம் என்று தோன்றும். உயரமான கூரையில் பெடல் போட்ட வேகமான இடமெல்லாம் கஞ்சியாகும். ஷோப்பனின் மெதுவான நாக்டர்னுக்குச் சரி, பாகுக்கு வேண்டாம்.

ஜூன் 7, இரவு 9.15 | மார்த்தாண்டம் கீஸ்

ஜனவரி நல்ல யோசனை. அப்போ ஈரப்பதமும் இறங்கி இருக்கும், ட்யூனிங் நிக்கும். அதை வச்சுப் பின்னாலேயிருந்து எண்ணினா, உருப்படிகள் செப்டம்பர் கடைசியில் மனப்பாடம், அக்டோபர் முதல் மாதம் ரெண்டு தடவையாவது யார் முன்னாலாவது நிறுத்தாமல் முழுப் புரோகிராம். நோட்டு இப்போதே கையில் வரணும்.

ஜூன் 8, காலை 10.00 | மார்த்தாண்டம் கீஸ்

உருப்படித் தேர்வு. பல இளையோர் போட்டிகளில் முதல் ரவுண்டின் எலும்புக்கூடு இதுதான்: பாகின் ஒரு ப்ரெலூட்-ஃபியூக், ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் இவர்களில் ஒருவரின் சொனாட்டாவில் வேகமான பகுதி, விரல் திறமையைக் காட்டுகிற ஒரு எட்யூட், சொந்தத் தேர்வு ஒன்று.

பாக்: ‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ ரெண்டு தொகுதி, தொகுதிக்கு 24. எல்லாரும் சி மைனர், பாக் பட்டியல் எண் பி.டபிள்யூ.வி. 847, எடுக்கிறாங்க. தப்பில்லை. ஆனா ஃபியூகில் மூணு குரலையும் தனித்தனியா பாடிக் காட்டச் சொல்லுங்க. இந்த ஒரு விஷயத்தில் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் இருக்கு: நாலு குரல் பாமாலையில் ஆல்டோ, டெனர் பாடி வளர்ந்த காது. நடு குரலைக் கேட்கச் சொன்னா சென்னைப் பிள்ளையைவிட சீக்கிரம் கேட்கும். அந்தக் காதை வச்சுக்கிட்டு பெடலை மிதிச்சுக் கெடுக்கிறதுதான் வேதனை. ஃபியூகை முழுக்கப் பெடலே இல்லாமல் விரலாலேயே சேர்த்து வாசிச்ச பிறகு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தொடட்டும்.

சொனாட்டா: முதல் பகுதியைத் திரும்ப வாசிக்கிற எக்ஸ்பொசிஷன் ரிப்பீட் உண்டா இல்லையா என்று விதியில் எழுதி இருக்கும். கவனிக்காமல் ரிப்பீட் வாசிச்சு நேரம் தாண்டினா, நேரில் என்றால் மணி அடிச்சு நிறுத்துவாங்க, வீடியோ என்றால் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம். ஹைடனின் சி மேஜர் சொனாட்டா, ஹோபோகென் பட்டியலில் 16:50, இந்த வயசுக்கு அருமை. சின்னக் கைக்கு எட்டும், நகைச்சுவை இருக்கு, ஓய்வுக்குறியை எப்படி வாசிக்கிறாங்க என்பதில் பிள்ளையின் புத்தி தெரியும்.

எட்யூட்: இங்கேதான் ஆசை கண்ணை மறைக்கும். ஷோப்பன் ஓபஸ் 10 எண் 4-க்கு அவர் போட்ட வேகம் நிமிஷத்துக்கு 88 மினிம். பிள்ளை 72-ல் சுத்தமா வாசிக்குது என்றால் அது நல்ல பயிற்சி, போட்டி உருப்படி இல்லை. எண் 1 பெரிய கைக்கு. எண் 2-ல் வலது கையின் 3, 4, 5 விரல் மட்டும் அரை அரை ஸ்வரமா ஏறி இறங்குகிற குரோமாட்டிக் ஓட்டம், வலியோடு பழகினா கை கெட்டுப்போகும். ஷோப்பன்தான் வேணும் என்று விதி சொல்லாவிட்டால் மொஷ்கோவ்ஸ்கி ஓபஸ் 72-ல் பதினைந்து இருக்கு, எடுத்துக்கிடுங்க. சுத்தமா, வேகமா, சிரிச்ச முகத்தோடு வாசிச்ச மொஷ்கோவ்ஸ்கி, தட்டுத்தடுமாறின ஷோப்பனைத் தோற்கடிக்கும்.

சொந்தத் தேர்வில் ‘லா காம்பனெல்லா’, ‘ஃபான்டசி-இம்ப்ராம்ப்டு’ ரெண்டையும் வேண்டாம் என்பேன். நடுவர் அன்றைக்கே எத்தனையோ தடவை கேட்டிருப்பார்.

நோட்டுப் புத்தகம்: இணையத்தில் இலவசமா கிடைக்கிற நூறு வருஷப் பழைய பதிப்பில், பதிப்பாசிரியர் தன் இஷ்டத்துக்குப் போட்ட ஸ்லர், பெடல், ஏன், ஸ்வரமே மாறி இருக்கும். இசையமைப்பாளர் எழுதினதையே ஒட்டின உர்டெக்ஸ்ட் பதிப்பு, ஹென்லே அல்லது பேரன்ரைட்டர், வாங்குங்க, ஷோப்பனுக்கு எகியர் பதிப்பு.

ஜூன் 8, இரவு 7.40 | களியக்காவிளை அப்பா

கன்செர்ட்டோ வரைக்கும் போனா? இங்கே ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்கே போக?

ஜூன் 8, இரவு 9.00 | மார்த்தாண்டம் கீஸ்

ரெண்டாவது பியானோவில் யாராவது ஆர்கெஸ்ட்ரா பகுதியைச் சுருக்கி வாசிச்சா அதுதான் ஒத்திகை, உலகம் முழுக்க அப்படித்தான். ஒரு மூலையில் பியானோ, இன்னொரு மூலையில் உங்க டிஜிட்டல். அதுக்காவது உதவட்டும். ரெண்டுக்கும் ஸ்ருதி சேரணும், டிஜிட்டலில் ட்யூனிங் மாத்துகிற வசதி இருக்கும். மெண்டல்சோன் முதல் கன்செர்ட்டோ ஓபஸ் 25 மொத்தமே இருபது நிமிஷம்தான், ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்திலேயே பியானோ புகுந்துடும், காத்திருந்து கை குளிராது.

ஜூன் 9, காலை 7.25 | ஆல்டோ லைன்

அப்போ கடைசியிலே மார்க்கு போடுறவன் தன் சிஷ்யனுக்குப் போட மாட்டானா? நம்ம ஊரு பாட்டுப்போட்டி மாதிரித்தானே?

ஜூன் 9, மதியம் 2.10 | மார்த்தாண்டம் கீஸ்

பெரிய போட்டிகளில் தன் மாணவருக்கு நடுவர் மார்க் போடக்கூடாது. வார்சாவிலும் அப்படித்தான், மற்றவங்க மார்க்கை வச்சுத்தான் கணக்கு. 2021-ல் அங்கே 25-க்கு மார்க், கூடவே அடுத்த சுற்றுக்கு ஆமா, இல்லை. மதிப்பெண் பட்டியலைப் பிறகு வெளியிட்டாங்க, ஒரே பிள்ளைக்கு ஒருத்தர் உச்சியும் இன்னொருத்தர் பாதாளமும் கொடுத்ததை அதில் பார்க்கலாம்.

சண்டையும் உண்டு. 1980-ல் அதே வார்சாவில் இவோ போகொரேலிச் என்ற போட்டியாளரை ஃபைனலுக்கு விடவில்லை என்று பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவை விட்டே வெளியேறினார். அந்த வருஷம் ஜெயிச்சவரைத்தான் நம்ம ஊர்க்காரர் தெரிஞ்சு வைக்கணும்: வியட்நாமின் தாங் தாய் சோன். வார்சாவில் ஜெயிச்ச முதல் ஆசியர். அமெரிக்கக் குண்டு விழுந்த காலத்தில் ஹனோய் இசைப்பள்ளியைக் கிராமத்துக்கு மாத்தினபோது, அங்கே இருந்த பழுதான அப்ரைட்டில் பழகினவர். 2021-ல் அங்கே ஜெயிச்ச புரூஸ் லியூ இவருடைய மாணவர்.

ஜூன் 9, மாலை 6.30 | பார்வதிபுரம் ட்யூனர்

இந்தக் கதையைக் கேட்டுட்டு ‘ஓட்டைப் பியானோ போதும்’னு யாரும் கிளம்பாதீங்க. அவரு பிறகு மாஸ்கோவிலே படிச்சாரு.

ஜூன் 10, காலை 8.00 | மார்த்தாண்டம் கீஸ்

சரி. கிராண்ட் பழக்கம் இல்லாமல் நேரடி ரவுண்டுக்குப் போகக்கூடாது. திருவனந்தபுரம், கொச்சி, சென்னையில் கிராண்ட் இருக்கிற பள்ளி, ஹால்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கேளுங்க. ஹோட்டல் லாபி கிராண்டை நம்பாதீங்க, மேலே பூந்தொட்டி வச்சிருப்பாங்க, உள்ளே ட்யூனிங் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருக்கும்.

போட்டி மேடையில் ஸ்டெயின்வே டி 274 செ.மீ., யமஹா சி.எஃப்.எக்ஸ். 275. பெரிய போட்டிகளில் எந்தப் பியானோ என்று தேர்ந்தெடுக்கச் சில நிமிஷங்கள் மட்டும் தருவாங்க. அந்த நிமிஷங்களில் உருப்படியை முதலில் இருந்து வாசிச்சு வீணாக்கக் கூடாது. வரிசை: மெல்லிய தொடக்கம் ஒன்று, சத்தத்தை எவ்வளவு மெல்லிசா இறக்கலாம் என்று பார்க்க. ஒரே ஸ்வரத்தை வேகமா. பெடல் எந்த ஆழத்தில் பிடிக்குது. மேல் ஆக்டேவில் பாட்டுப் பகுதி ஒன்று, சத்தம் எவ்வளவு நேரம் நிக்குது என்று. கடைசியில் உச்ச சத்தம், எங்கே கரகரப்பு ஆரம்பிக்குது என்று. இதை வீட்டிலேயே டைமர் வச்சுப் பழக்கலாம், சபைப் பியானோ, சிநேகிதி வீட்டுப் பியானோ என்று எது கிடைச்சாலும்.

ஜூன் 10, இரவு 9.30 | களியக்காவிளை அப்பா

எட்லிங்கன் விதிமுறையை இறக்கிட்டேன். டீச்சரிடமும் பேசினேன். ஜனவரி ரெக்கார்டிங், அதுக்கு முன்னே பழைய அப்ரைட் பார்க்கணும். ட்யூனர் அண்ணாச்சி தனியா ஒரு மெசேஜ் போடுங்க. பாஸ்போர்ட், விசா பற்றி ஏதாவது?

ஜூன் 11, காலை 6.45 | மார்த்தாண்டம் கீஸ்

பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் விண்ணப்பத்தில் போடுகிற பெயரும் எழுத்து எழுத்தா ஒண்ணா இருக்கட்டும். நம்ம இனிஷியல் அவங்களுக்குப் புரியாது, விரிச்சு எழுதுங்க. ஷெங்கன் விசாவுக்கு 12 வயசு ஆனா கைரேகை உண்டு, பிள்ளை நேரில் போகணும். அப்பா, அம்மா ரெண்டு பேர் சம்மதக் கடிதமும் வேணும், ஒருத்தர் கல்ஃபில் இருந்தா இப்போதே கேட்டு வாங்கத் தொடங்குங்க. அழைப்புக் கடிதம் வந்த அன்றைக்கே அப்பாயின்ட்மென்ட்.

ஜூன் 11, காலை 9.10 | பாறசாலை ரெக்கார்டிங்

வீடியோவைக் கடைசி நாள் ஏற்ற வேண்டாம். அவர்களின் நள்ளிரவு நமக்கு மறுநாள் காலை. கோடைக்கும் குளிருக்கும் ஜெர்மனி நேரம் ஒரு மணி மாறும். யூடியூப் என்றால் ‘அன்லிஸ்டட்’, ‘பிரைவேட்’ போட்டால் நடுவரால் திறக்க முடியாது. லாக்-அவுட் செய்த வேறொரு போனில் திறந்து பார்க்கவும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக ஆஃப் ஆகியிருக்கும், வங்கி ஆப்பில் முந்தின நாளே ஆன் செய்து, கட்டினபின் ஆஃப் செய்யவும்.

ஜூன் 11, காலை 9.25 | ஆல்டோ லைன்

அந்த 120 யூரோ மெயில் எனக்கும் வந்திருக்கு. நான் வாசிக்கிறது ஹார்மோனியம்.